வெந்நீர்க் குழாயில் புகுந்த காற்று

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் தங்கையைக் குடைய வேண்டாம். நாங்கள் இப்போது வீட்டில் இல்லை, வண்டியில் குடியிருக்கிறோம். நாலு சக்கரம், முன்னால் ஸ்டியரிங், பின்னால் கட்டில், நடுவில் கேஸ் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும், திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு குளியலறை. கேம்பர் வேன் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் இதை லீவுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் இதிலேயே சமைத்து, இதிலேயே தூங்கி, இதிலிருந்தே வேலைக்குப் போகிறோம். ஓசூர் பக்கம் மத்திகிரியில் இருக்கும் என் தங்கை, "அக்கா பெரிய வண்டி வாங்கியிருக்கா" என்று மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். பாவம், பொய் சொல்லவில்லை. மீதியை நான் சொல்கிறேன். எனக்கு இதில் ஒரு வெட்கமும் கிடையாது.

நியூசிலாந்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் மாதேஷ் இங்கே லாரிக்கு பாடி கட்டும் கம்பெனியில் இருந்தார். இரண்டாயிரத்து ஒன்பது பிறந்ததும் பிறக்காததுமாக அந்த வேலை போனது. உலகம் முழுக்க அப்படித்தான், ஓசூரிலேயே ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள் என்று தங்கை சொன்னாள். வாடகை வீட்டைக் காலி செய்தோம். ஊருக்குத் திரும்பிவிடுங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாங்கள் ஒன்றையும் கேட்டதில்லை. இந்தப் பழைய வண்டியை வாங்கி ஓர் ஆப்பிள் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். தோட்டத்து ஷெட்டில் எனக்கு ஆப்பிள் பேக்கிங், மாதேஷுக்கு ஃபோர்க்லிஃப்ட். தோட்டக்காரி ஜூடி நல்லவள். ஒரு தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் கரண்டும் கொடுத்து, இருந்துகொள்ளுங்கள் என்றாள்.

எங்கள் மகள் நிவேதாவுக்கு எட்டு வயது. காலையில் வகுப்பு ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று தன் வீட்டுச் செய்தி ஏதாவது சொல்ல வேண்டுமாம். நாய் குட்டி போட்டது, அப்பா மீன் பிடித்தார், இப்படி. என் மகள் எழுந்து, "எங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது. வெந்நீர் வருவதில்லை. அம்மா அதைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கே போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நலம் பார்க்கிறவளாம், பெயர் ரேச்சல். குரலில் தேன் ஒழுகியது. குளிர்காலம் வருகிறது, குழந்தை குளிப்பதற்கும் கைகால் கழுவுவதற்கும் சுடுதண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நிவேதாவோடு சேர்ந்தே வரலாமா என்று கேட்டாள். வராதே என்று சொல்ல முடியுமா? வாருங்கள் வாருங்கள் என்று நானும் தேன் ஒழுகினேன். போனை வைத்ததும் மாதேஷைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

மாதேஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "புள்ளைய கூட்டிக்கினு போயிடுவாங்களா மேரி?"

"எவ வந்து கூட்டிக்கிட்டுப் போறான்னு நானும் பாக்கறேன்" என்றேன். வாய்தான் சொன்னது. இந்த நாட்டில் பிள்ளையைச் சரியாக வைத்துக்கொள்ளாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நாங்கள் வந்த முதல் வாரத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிற கதை. யாருக்கு நடந்தது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் பயம் இருக்கிறது, எனக்கும்தான்.

2

வெந்நீர் ஏன் வரவில்லை என்றால், என் புருஷன் சுத்தக்காரர். அதுதான் காரணம்.

ஓசூரில் நாங்கள் முதலில் குடியிருந்தது மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு லைன் வீட்டில். சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே வரிசை, ஒரு பக்கம் கன்னடக் குடும்பம், மறு பக்கம் தெலுங்குக் குடும்பம், நடுவில் நாங்கள். எல்லார் வீட்டு ஆண்களும் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒரு ஷிப்ட். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. வாசலுக்கு வாசல் நீல டிரம். எந்த பாஷை பேசினாலும் அந்த லைனில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சட்டம் ஒன்று இருந்தது. பழைய தண்ணீர் மேல் புதுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. லாரி ஹாரன் கேட்டதும் மிச்சம் இருப்பதைத் துணிக்கோ பாத்திரத்துக்கோ தீர்த்துவிட்டு, டிரம்மை உருட்டித் தேய்த்துக் கவிழ்த்து, அப்புறம்தான் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்யாதவளை லைனே ஒரு மாதிரி பார்க்கும்.

மாதேஷுக்கு ஊர் சாமல்பட்டிக்கு உள்ளே. ஊத்தங்கரை பஸ்ஸில் இறங்கி நடக்க வேண்டும். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற பூமி. அவருக்கு அந்த டிரம் சட்டம் வேதவாக்கு. போன சனிக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வண்டியின் தண்ணீர்த் தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அதோடு விட்டாரா? கட்டிலுக்கு அடியில் சின்ன கேஸ் பாய்லர் இருக்கிறது, அதன் அடியில் இருக்கிற திருகையும் திறந்து ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டார். பிறகு புதுத் தண்ணீர் பிடித்து, பம்ப்பைப் போட்டு, வெற்றி வீரனாக என்னை வரவேற்றார்.

பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒழுங்காக வந்தது. சூடு பக்கம் திருப்பினால் இருமியது. ரெண்டு மடக்கு துப்பியது. அப்புறம் வெறும் மூச்சு.

"யாருங்க பாய்லரைத் தொறக்கச் சொன்னது?"

"தொட்டியக் கழுவிட்டு அத மட்டும் உட்டுட முடியுமா? அடியில எவ்ளோ கசடு இருந்திச்சி தெரியுமா? அதையா புள்ள தலையில ஊத்துவ?"

காலியான பாய்லருக்குள்ளும், அதிலிருந்து சக்கரத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்குகிற குழாய்க்குள்ளும் காற்று போய் உட்கார்ந்துகொண்டது. காற்று வெளியே வராமல் பாய்லரில் தண்ணீர் நிறையாது. தண்ணீர் நிறையாமல் கேஸைப் பற்றவைத்தால் பாய்லர் கருகிப்போகும். அதனால் பற்றவைக்கவும் வழியில்லை. ஜூடியிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த பிளம்பர் அடுத்த வாரம்தான் வருவானாம். ரேச்சலோ இந்த வாரமே வருகிறாள்.

"எங்களுக்கு பிளம்பர் வேண்டாம். காற்று எடுப்பது எங்கள் தொழில்" என்று ஜூடியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாயை என்ன செய்வது.

3

ஆனால் நான் சொன்னது சும்மா இல்லை. நானும் மாதேஷும் பார்த்துப் பழகியதே காற்று எடுக்கிற இடத்தில்தான்.

டிப்ளமோ முடித்த பெண்களை அந்த வருஷம்தான் எங்கள் ஓசூர் கம்பெனியில் அசெம்பிளி லைனுக்கு எடுத்தார்கள். வேன்கள் பூட்டுகிற இடம். பிரேக் குழாயில் எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்ற மெஷின் உண்டு. மெஷினுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வருகிற வண்டிகளும் உண்டு. பிரேக்கை மிதித்தால் பஞ்சு மெத்தையை மிதித்த மாதிரி அமுங்கும். அவையெல்லாம் ஓரமாக இருக்கும் ரீவொர்க் இடத்துக்கு வரும். அங்கே ரெண்டு ஆள் வேலை. ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் சக்கரத்தடியில் குனிந்து திருகாணியைத் திறந்து மூட வேண்டும். பெடல் மாதேஷ், திருகாணி நான். கீழே குனிகிறவளுக்கு மேலே இருக்கிறவன் முகம் தெரியாது. குரல்தான்.

எங்கள் சூப்பர்வைசர் கன்னடக்காரர். அதனால் கட்டளையெல்லாம் கன்னடத்தில். ஒத்து என்றால் மிதி. ஹிடி என்றால் அப்படியே பிடி. பிடு என்றால் விடு. ஒத்து, ஹிடி என்றதும் நான் திருகாணியைத் திறப்பேன், புஸ்ஸென்று எண்ணெயும் காற்றும் துப்பும், உடனே மூடிவிட வேண்டும். நான் மூடுவதற்கு முன் மாதேஷ் காலை எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், பாடுபட்டதெல்லாம் போச்சு. ஆக, சட்டென்று மூடுகிற கைதான் நல்ல கை. அந்தப் பகுதியில் என் கைக்குப் பேர் இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழாது. குனிந்தே வேலை பார்த்துப் பார்த்து ஒரு நாள் நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் நடந்ததை எழுத இது இடமில்லை. நான் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண், அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓசூர் பேக்டரிக்கு வந்தவர். மாதேஷ் வீட்டுச் சாமி வேறு. என்னென்ன பேச்சு வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

அந்த டிப்ளமோ இந்த நாட்டில் செல்லாது. செல்லுமா என்று பார்ப்பதற்கே ஓர் ஆபீஸ் இருக்கிறது. நான் என்ன படித்தேன் என்று பாடம் பாடமாகக் கேட்டார்கள், அனுப்பினேன். படித்த கல்லூரியிடமிருந்தே நேராக வர வேண்டும் என்றார்கள். கல்லூரியில் கேட்டால், நேரில் வந்து கேட்டால்தான் தருவோம் என்றார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன். காகிதம் செல்லாமல் போகட்டும், கை செல்லாமல் போகுமா?

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். பம்ப் சுவிட்சில் மாதேஷ். குழாயில் நான்.

"ஒத்து!" பம்ப் உறுமும்.

"ஹிடி!" நான் சூடு பக்கம் திறப்பேன். இருமல், துப்பல், ரெண்டு மடக்குத் தண்ணீர். தண்ணீரைக் கண்டதும் டக்கென்று மூடுவேன்.

"பிடு!" பம்ப் நிற்கும்.

"வந்துச்சா?"

"வருது, வருது. இன்னொரு வாட்டி."

இப்படியே இருட்டும் வரைக்கும். ஒவ்வொரு தடவையும் காற்று வந்தது. ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருந்தது. எங்கேயிருந்துதான் வருகிறதோ, ஆப்பிள் தோட்டத்துக் காற்றெல்லாம் எங்கள் வண்டிக்குள் புகுந்த மாதிரி. வேடிக்கை பார்க்க வந்த ஜூடி, நாங்கள் கத்துவது என்ன பாஷை, உங்கள் பாஷையா என்று கேட்டாள். எங்கள் பாஷை இல்லை, பக்கத்து மாநிலத்துப் பாஷை, எங்கள் சூப்பர்வைசரின் பாஷை என்று விளக்கப் போய் அரைமணி நேரம் போனது. கடைசியில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு வெந்நீரும் வரவில்லை.

4

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் இங்கே இருக்கிற ஒரு தமிழ்க்காரர் விஷயம் கேள்விப்பட்டு போன் பண்ணினார். பேர் வேண்டாம், நல்ல மனிதர்தான், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பேசாமல் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் வந்து இருங்கள், அந்தப் பெண்மணியிடம் முகவரி மாறிவிட்டது என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

"வண்டிக்குள்ள இருக்கறது குத்தம், கார் ஷெட்டுக்குள்ள இருந்தா கௌரவமாங்க?" என்று கேட்டேன். அவர் இருமினார். குழாய் மாதிரியே இருமினார்.

மாதேஷுக்கு மனம் ஆட ஆரம்பித்துவிட்டது. "போயிடலாமா மேரி? அந்தம்மா வந்து பாத்துட்டுப் போற வரைக்குமாவது?"

"போக மாட்டேன். நாம எங்க இருக்கறோமோ அங்கதான் வந்து பாக்கணும்."

எனக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்றால், இப்படி ஒருத்தர் வந்து பார்ப்பது எனக்குப் புதிதில்லை. அந்த லைன் வீட்டுக்கு நாங்கள் குடிபோன முதல் மாதம் மாதேஷின் அக்கா சாமல்பட்டியிலிருந்து ரயிலேறி வந்தாள். கல்யாணத்துக்கு வராதவள், வீட்டைப் பார்க்க வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமலே நின்றாள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டிரம்மைத் தட்டினாள். மேலே ஷீட்டைப் பார்த்தாள். சுவரில் நான் மாட்டியிருந்த சிலுவையையும், அதற்குப் பக்கத்தில் அவர் மாட்டியிருந்த முருகனையும் பார்த்தாள்.

"இதுல மனுசங்க இருப்பாங்களா?" என்றாள் தம்பியிடம். நான் ஒருத்தி அங்கே நிற்பதாகவே அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"நாங்க இருக்கறோம் அண்ணி. நாங்க மனுசங்க இல்லைன்னா நீங்களே சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னை முறைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, கொண்டுவந்த காராமணி மூட்டையை அவிழ்த்தாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். சிநேகமாகிவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் என்னோடு அவளுக்கு ஆகாது. ஆனால் அப்புறம் ஒரு தடவைகூட என் வீட்டைக் குறை சொன்னதில்லை.

அப்போது நான் பயப்படவில்லை, ஏனென்றால் இழக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது நிவேதா இருக்கிறாள். அதுதான் வித்தியாசம். அதிலும் அவள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மாடிப்படி வைத்த வீடு வேண்டும் என்கிறாள், தனி அறை வேண்டும் என்கிறாள், அவள் சிநேகிதி வீட்டில் தண்ணீர்த் தொட்டியில் படுத்துக் குளிக்கலாமாம். நான் இங்கிலீஷில் பேசினால் சிநேகிதிகள் முன்னால் என் கையைக் கிள்ளுகிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. இவளிடம் போய் ஒரு தேன்குரல்காரி, "உனக்கு இங்கே பிடித்திருக்கிறதா கண்ணு?" என்று கேட்டால் என்ன சொல்வாள்?

5

புதன்கிழமை சாயந்திரமும் ஒத்து, ஹிடி, பிடு. தோள் வலித்ததுதான் மிச்சம். ஏழு மணிக்கு மாதேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டில் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு பாய்லர் பக்கத்தில் படுத்து, டார்ச் அடித்துக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா இணைப்புகளும் இறுக்கமாக இருந்தன. எங்கேயும் கசிவில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

நிவேதா பம்ப்பைப் போட்டுவிட்டுப் பல் தேய்க்க வந்தாள். இந்த நாட்டுப் பிள்ளைகள் பல் தேய்ப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர் பாட்டுக்கு ஓட, கண்ணாடியைப் பார்த்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். என் மகளும் அப்படித்தான் ஆகிவிட்டாள். தினமும் இதற்கு அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாளோ, குழாயைச் சூடு பக்கம் திருப்பிவிட்டாள். ஒரு இருமல் கேட்டது. அவள் கண்டுகொள்ளவே இல்லை. முழுக்கத் திறந்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய் நிவி, நிப்பாட்டு! தண்ணி போவுது பாரு!" மாதேஷ் தரையிலிருந்து எழுந்தார்.

"வெயிட்ப்பா!" வாய் நிறைய நுரையோடு அவள்.

"நிப்பாட்டுன்றன் இல்ல!"

நான் பாய்லர் பக்கத்தில் படுத்திருந்தேன் அல்லவா? எனக்குக் கேட்டது. முதலில் வழக்கமான இருமல். அதற்குப் பிறகு அது நிற்காமல் கொடகொடவென்று இழுத்தது, இதுவரை கேட்காத சத்தம். சக்கரத்துக்கு மேலே வளைகிற குழாயில் ஏதோ உருண்டு இறங்குகிற மாதிரி. மாதேஷ் குழாயை எட்டிப் பிடிப்பது தெரிந்தது.

"ஐயோ, மூடாதீங்க! கைய எடுங்க! ஓடட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை நுரையை முழுங்கிவிட்டாள்.

குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அப்புறம் சீராகத் தண்ணீர் விழுந்தது. விரல் கனத்துக்கு, விடாமல்.

நான் கட்டிலடியிலேயே படுத்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டேன். என் கைதான் காரணம். ஓசூரில் பேர் வாங்கிய அதே கை. பிரேக்கில் சட்டென்று மூடாவிட்டால் காற்று உள்ளே போகும். இங்கே சட்டென்று மூடினால் காற்று வெளியே போகாது. பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கிறது, குழாயைத் திறந்து வைத்தால் தண்ணீர் காற்றைத் துரத்திக்கொண்டே வந்து வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். நானோ தண்ணீர் முகம் காட்டியதும் வாசலை மூடிவிட்டேன். பாதி வழி வந்த காற்று மறுபடி மேலேறி வளைவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல், தண்ணீர் தரையில் போகிறதே என்ற பதைப்பு வேறு. மூக்கண்டப்பள்ளியில் டிரம் வைத்துக் குடித்தனம் பண்ணினவளுக்குக் குழாயைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா நிற்க எப்படி மனசு வரும்? ரெண்டும் சேர்ந்து என் கண்ணை மறைத்துவிட்டன.

"முழுசாத் தொறந்து உடணும். எல்லாக் குழாயையும். காத்து போற வரைக்கும்" என்றேன்.

மாதேஷ் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "எல்லாத்தையுமா? தரையிலயா?"

"புள்ள வேணுமா, தண்ணி வேணுமா?"

அவர் வெளியே போய் ஷெட்டிலிருந்து ஆப்பிள் பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுக்களைக் குழாய்க்கு ஒன்று, ஷவருக்கு ஒன்று. பம்ப்பைப் போட்டுவிட்டு, தோட்டத்துக் குழாயிலிருந்து வண்டித் தொட்டிக்கு ஹோஸையும் மாட்டிவிட்டோம். எல்லாவற்றையும் முழுசாகத் திறந்தேன். ஷவர் முதலில் பாம்பு மாதிரி சீறியது, தும்மியது, பிறகு மழையாகக் கொட்டியது. பக்கெட் நிறைய நிறைய மாதேஷ் தூக்கிக்கொண்டு ஓடி, ஒவ்வொரு ஆப்பிள் மரத்தடியிலும் ஊற்றிவிட்டு ஓடி வந்தார். ஜூடி சத்தம் கேட்டு வெளியே வந்து, நாளைக்கு மழை என்று ரேடியோவில் சொன்னார்களே, எதற்கு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேட்டாள். "மழ அதுபாட்டுக்குப் பெய்யட்டும்" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு ஓடினார் மனுஷர்.

பக்கெட்டில் கடைசிக் குமிழி வந்து நிற்கும் வரைக்கும் விட்டோம். பாய்லரும் நிறைந்துவிட்டது, குழாய்களை மூடிவிட்டுக் கேஸைப் பற்றவைத்தேன். நீலமாகப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குழாயில் கையை வைத்த நிவேதா "ஔச்!" என்று இழுத்துக்கொண்டாள். எனக்கு அதைவிட இனிமையான சத்தம் அந்த வாரத்தில் வேறு இல்லை. "கத்தாதடி, எவ்ளோ கஷ்டப்பட்டு வந்த சூடு தெரியுமா" என்று அவள் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தேன். துடைத்துக்கொண்டாள்.

6

ரேச்சல் வந்தாள். நான் நினைத்த மாதிரி இல்லை. குள்ளமாக, சேறு படிந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, சளி பிடித்த மூக்கோடு இருந்தாள். படியிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டாள், அதற்காகவே அவளுக்கு இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்தேன். கட்டிலைப் பார்த்தாள், கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டியைப் பார்த்தாள், ஜன்னலில் ஈரம் கோத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அதைத் திறந்து வைக்கச் சொன்னாள். பிறகு சூடு குழாயை முழுக்கத் திறந்து விரலை நீட்டினாள். ஆவி பறந்தது.

"அருமை" என்றாள். அருமை என்று சொல்லிவிட்டு மூடினாளா? இல்லை. அப்படியே ஓட விட்டுவிட்டு என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழை நாளில் எப்படிப் போகிறாள், துணி எங்கே காயப்போடுகிறீர்கள். மாதேஷ் கண் குழாயை விட்டு அசையவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு குழம்புச் சட்டியை எடுத்து அதன் அடியில் வைத்தார். ரேச்சல் சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குழாயை மூடிவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

"வெந்நீர் தினமும் இப்படி வருமா?" என்று அவரிடம் கேட்டாள்.

மாதேஷ் தலையை ஆட்டினார். நம் ஊர் ஆட்டல், இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அவள் விழித்தாள். வருமா வராதா என்று திரும்பக் கேட்டாள். அவர் இன்னும் மும்முரமாக ஆட்டினார்.

"தட் மீன்ஸ் யெஸ்" என்றாள் நிவேதா, சலிப்பாக.

அதற்குப் பிறகுதான் அது வந்தது. நிவேதாவோடு கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும், எல்லாப் பிள்ளைகளிடமும் செய்வதுதான் என்றாள். பேசுங்கள் என்றேன். வேறென்ன சொல்வது? ரெண்டு பேரும் வெளியே போய் ஆப்பிள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள். நானும் மாதேஷும் வண்டிக்குள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாய் அசைவது தெரிகிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேச்சல் கேட்கிறாள், இவள் காலை ஆட்டிக்கொண்டே பதில் சொல்கிறாள். ஒரு தடவை வண்டியைக் கையால் காட்டினாள். ஒரு தடவை தோளைக் குலுக்கினாள்.

"என்னா கேக்கறா அவ?" மாதேஷ் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும், நானும் உங்க கூடத்தான நிக்கறேன்" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அவர் கையைத் தட்டிவிடவில்லை. நாங்கள் இவளுக்குக் கொடுத்தது என்ன? ஒரு கட்டிலில் பாதி. எட்டு வயதுப் பிள்ளை மாடிப்படி கேட்டால் அது குற்றமா? பிடிக்கவில்லை என்று சொன்னால் அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் என் பிள்ளையை நான் விடமாட்டேன், அவளே போகிறேன் என்றாலும் காலைக் கட்டிக்கொண்டு நிறுத்துவேன் என்று வாய்விட்டே சொன்னேன். மாதேஷ், "செரி, செரி" என்றார்.

ரேச்சல் திரும்பி வந்தாள். கவலைப்பட ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றாள். வேண்டுமானால் குறைந்த வாடகை வீட்டுக்கு எழுதி வைக்க உதவி செய்கிறேன் என்றாள். எங்களுக்கு வேண்டும் என்கிறபோது நாங்களே வந்து கேட்கிறோம், கேட்க வெட்கப்பட மாட்டோம் என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே பூட்ஸை மாட்டினாள். டீயை முழுக்கக் குடித்திருந்தாள். கார் தோட்டத்துக் கேட்டைத் தாண்டியதும் நான் நிவேதாவைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன்.

"என்னடி கேட்டாங்க?"

"சும்மா. ஸ்கூல் பத்தி. சாப்பாடு பத்தி."

"அப்பறம்?"

"பயமா இருக்கான்னு கேட்டாங்க. எங்கம்மா சத்தம் போட்டா பயப்பட வேண்டியது மத்தவங்கதான்னு சொன்னேன்."

மாதேஷ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

"அவ்வளவுதானா? வண்டியக் கைகாட்டிப் பேசினியே, அது என்ன?"

அவள் காலணி நுனியால் தரையைக் கீறினாள். "உனக்கு இங்க புடிக்கலன்னா என்கிட்ட சொல்லு, வேற நல்ல எடத்துல தங்கறதுக்குப் பாக்கலாம்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன். நான் போயிட்டா, திரும்ப சுடுதண்ணிக் குழாயில காத்து மாட்டிக்கிச்சுன்னா யார் எடுப்பாங்க? இவங்க ரெண்டு பேருக்கும் சுத்தமாத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் என் மகள், முழுத் தமிழில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிற அவசரத்தில்.